பெட்டி காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது: தூசி, வாயு அளவிகளுக்கு ஓர் அறிமுகம்

பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டு வாசலில் சிறிய தூசி அளவி ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை ஆறரைக்கு 60 காட்டுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அதே இடத்தில் 25. சாலையில் லோரிகள் வரிசைகட்டுவது என்னவோ பிற்பகலில்தான். சுற்றுச்சூழல் துறையின் பக்கத்தைத் திறந்தால் அங்குள்ள எண் காலையிலிருந்து பெரிதாக அசையவே இல்லை. கருவி பழுதோ என்ற சந்தேகம் வருவது இயல்பு.

பெரும்பாலும் பழுது இல்லை. அந்தப் பெட்டி தூசியை எடை போடுவதில்லை. தூசியில் பட்டுத் தெறிக்கும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. ஊகம் எந்த இடத்தில் சறுக்கும் என்று தெரிந்துகொண்டால் நூற்றுச் சொச்சம் ரிங்கிட் சென்சாரும் நன்றாகவே உழைக்கும். தெரியாவிட்டால் ஆயிரம் ரிங்கிட் கருவியும் குழப்பத்தான் செய்யும்.

உள்ளே நடப்பது

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான விட்டமுள்ள துகள்கள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர்; அதோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். கருவிக்குள் ஒரு சின்னக் காற்றாடி வெளிக்காற்றை ஒரு குறுகிய அறைக்குள் இழுக்கிறது. குறுக்கே லேசர் கதிர். கதிரைக் கடக்கும் ஒவ்வொரு துகளும் ஒரு மின்னல் போல ஒளியைச் சிதறடிக்கும். பக்கவாட்டில் இருக்கும் ஒளியுணரி அந்த மின்னலை எண்ணுகிறது. எவ்வளவு பிரகாசம் என்றும் பார்க்கிறது. பிரகாசத்திலிருந்து துகளின் அளவு, அளவிலிருந்து கனஅளவு. அதை ஓர் அடர்த்தியால் பெருக்கினால் எடை. கடைசியில் திரையில் வருவது ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற எண்.

அடர்த்தி எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையில் ஏதோ ஒரு சோதனைப் புகையை வைத்து நிர்ணயித்து உள்ளே எழுதிவிட்டார்கள். உங்கள் வாசலில் பறப்பது கடல் உப்பா, குப்பை எரித்த புகையா, சாம்பிராணியா என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு குருட்டுத்தனமும் உண்டு. இந்த வகைச் சென்சார்களுக்கு 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள துகள்கள் அநேகமாகக் கண்ணில் படாது. டீசல் லோரியின் குழாயிலிருந்து அப்போதுதான் வந்த கரி பெரும்பாலும் அதற்கும் சிறியது. கறுப்பாக இருப்பதால் ஒளியைச் சிதறடிப்பதைவிட விழுங்குவதே அதிகம். அதனால்தான் லோரி கக்கிக்கொண்டு போகும்போது மூக்கு எரிகிறது, எண் மட்டும் அசையாமல் இருக்கிறது. பெரிய துகள்களிலும் சிக்கல்தான். அவை எண்ணிக்கையில் குறைவு. சிறு காற்றாடியின் இழுப்புக்குள் சரியாக வந்து விழுவதும் இல்லை. ஆகவே மலிவுச் சென்சார் தரும் பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்கள்) எண்ணை, அது சிறிய துகள்களை வைத்து நீட்டிச் சொன்ன கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத் தளத்துச் சிமெண்ட் தூசியை அளக்க இது உதவாது.

எண் எப்படி வெளியே வருகிறது

புழக்கத்தில் உள்ள ஒரு சென்சாரை நெருக்கத்தில் பார்ப்போம். நோவா நிறுவனத்தின் எஸ்.டி.எஸ். 011-க்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும்; தரவுக் கம்பிகள் மட்டும் 3.3 வோல்ட். சென்சாரின் அனுப்பும் கம்பியை, எண்ணைப் படிக்கும் உங்கள் மின்சுற்றுப் பலகையின் பெறும் முனையில் சேர்க்க வேண்டும், பெறும் கம்பியை அனுப்பும் முனையில். முதல் நாள் ‘ஒன்றுமே வரவில்லை’ என்பவர்களில் பாதிப்பேர் இதை நேருக்கு நேர் இணைத்தவர்கள். தரவு வேகம் நொடிக்கு 9600 பிட். நொடிக்கு ஒரு முறை 10 பைட் கொண்ட ஒரு சரம் வரும். பதின்ம எண்ணில் எழுதினால் இப்படி இருக்கும்:

170, 192, 212, 4, 58, 10, 161, 96, 29, 171

170-இல் தொடங்கி 171-இல் முடிந்தால் சரம் முழுசாக வந்திருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் பி.எம். 2.5: நான்காவதை 256-ஆல் பெருக்கி மூன்றாவதைக் கூட்டினால் 1236, பத்தால் வகுத்தால் 123.6 மைக்ரோகிராம். அடுத்த இரண்டும் அதே கணக்கில் பி.எம். 10: 261.8. அதற்கடுத்த இரண்டும் சென்சாரின் அடையாள எண். ஒன்பதாவது சரிபார்ப்பு எண். மூன்றிலிருந்து எட்டு வரை கூட்டினால் 541, அதில் 256-இன் மடங்குகளைக் கழித்தால் மிச்சம் 29. பொருந்தவில்லை என்றால் அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்தச் சோதனையைச் சோம்பலில் விட்டவர்களின் வரைபடத்தில்தான் நள்ளிரவில் திடீரென்று 3000 என்று ஒரு முள் எழும்பி நிற்கும்.

பிளான்டவர் நிறுவனத்தின் பி.எம்.எஸ். 5003 சற்று வேறு: 32 பைட் சரம், 66, 77 என்று தொடங்கும். அது ஒரே துகள் அளவுக்கு இரண்டு எண்கள் தரும்; ஒன்று தொழிற்சாலை நிலைக்கு, மற்றொன்று வெளிக்காற்றுக்கு என்று விவரத்தாள் சொல்கிறது. எதைப் பதிவு செய்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். தூக்க நிலையிலிருந்து எழுப்பிய பிறகு 30 நொடி விட்டுத்தான் அதன் எண்ணை நம்பலாம்.

மின்சாரத்தில் அசட்டை கூடாது. மலிவான நீளமான கைப்பேசிக் கம்பியில் 5 வோல்ட் கிளம்பி 4.6-ஆக வந்து சேரும். காற்றாடி மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், எண்ணும் குறையும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஈரம்: பினாங்கின் நிஜமான வில்லன்

இப்போது காலை ஆறரை மணிக்கு வருவோம். பினாங்கில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். பிற்பகல் வெயிலில் அது 60, 70-க்கு இறங்கும். காற்றில் மிதக்கும் துகள்களில் சல்பேட், கடல் உப்பு போன்றவை நீரை உறிஞ்சிப் பருப்பவை. உப்பு டப்பாவை மூடாமல் வைத்தால் என்ன ஆகிறதோ அதுதான். அம்மோனியம் சல்பேட் துகள் 90 விழுக்காடு ஈரத்தில் ஏறத்தாழ 1.7 மடங்கு விட்டம் பெருக்கும். விட்டம் 1.7 மடங்கு என்றால் கனஅளவு கிட்டத்தட்ட 5 மடங்கு. கருவி அத்தனையையும் தூசி என்றே கணக்கில் எழுதும். உண்மையில் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்.

எஸ்.டி.எஸ். 011-இன் விவரத்தாளே வேலை செய்யும் ஈரப்பதத்தின் உச்ச வரம்பு 70 விழுக்காடு என்கிறது. நம் ஊரில் இரவு முழுக்க அது வரம்புக்கு வெளியேதான் ஓடுகிறது. வாங்கும்போது யாரும் இதைப் படிப்பதில்லை.

என்ன செய்யலாம்? முதல் வழி, காற்று உள்ளே வரும் குழாயைச் சற்றுச் சூடாக்கி உலர்த்துவது. வேலை செய்யும், ஆனால் அதிகம் சூடாக்கினால் நைட்ரேட், சில கரிமப் பொருட்கள் ஆவியாகி நிஜத் தூசியும் குறைந்துவிடும். இரண்டாவது வழி, பக்கத்தில் ஓர் ஈரப்பதச் சென்சாரை வைத்துக் கணக்கில் திருத்துவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிளான்டவர் சென்சாரைக் கொண்ட பர்ப்பிள் ஏர் கருவிகளுக்கு ஒரு சூத்திரம் தந்தது: தொழிற்சாலை நிலை எண்ணை 0.524-ஆல் பெருக்கு, ஈரப்பத விழுக்காட்டை 0.0862-ஆல் பெருக்கி அதிலிருந்து கழி, 5.75 கூட்டு. கருவி 60 காட்டுகிறது, ஈரப்பதம் 85 என்றால் 31.4 கழித்தல் 7.3 கூட்டல் 5.75, விடை ஏறத்தாழ 30. பாதியாகிவிட்டது.

இந்தச் சூத்திரத்தை அப்படியே கடன் வாங்காதீர்கள். அது அமெரிக்கக் காற்றில் கட்டியது, வேறு நிறுவனத்துச் சென்சாருக்குப் பொருந்தாது. அதில் போட வேண்டிய ஈரப்பதமும் பெட்டிக்குள் அளந்த ஈரப்பதம். பெட்டிக்குள் மின்சுற்றின் சூடு இருப்பதால் வெளியைவிட அங்கே ஈரம் குறைவாகக் காட்டும். வானிலை நிலையத்தின் எண்ணை எடுத்துப் போட்டால் கணக்கு தப்பும்.

துகள் எவ்வளவு நீர் குடிக்கும் என்பதை வைத்து நேராகக் கணக்கிடும் முறையும் உண்டு. நடுத்தரமாக உறிஞ்சும் தூசிக்கு, கருவியின் எண்ணை 70 விழுக்காடு ஈரத்தில் 1.4-ஆலும், 90-இல் 2.6-ஆலும், 95-இல் 4.5-ஆலும் வகுக்க வேண்டிவரும். அதே 60 முறையே 43, 23, 13 ஆகிறது. கவனியுங்கள்: மலிவான ஈரப்பதச் சென்சாரே 3 விழுக்காடு முன்னே பின்னே காட்டக்கூடியது. 92-ஆ 95-ஆ என்ற தடுமாற்றத்தில் விடை 19-ஆ 13-ஆ என்று ஆடும். எனவே மூன்றாவது வழிதான் எங்கள் பரிந்துரை: 90-க்கு மேல் ஈரம் உள்ள மணிகளை வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள், அவற்றை வைத்து முடிவு எடுக்காதீர்கள். மூடுபனியில் எண் தாறுமாறாக ஏறும். அது தூசி பற்றி எதுவும் சொல்லவில்லை. அரிசிப் பானையின் ஆவி பட்டாலும் அப்படித்தான்.

அரசு நிலையத்தின் எண் ஏன் அசைவதில்லை

தரமான நிலையங்களில் துகளை நிஜமாகவே நிறுக்கும் கருவிகள் இருக்கும். பீட்டாக் கதிர் முறையில் காற்றைச் சூடாக்கி உலர்த்தி, நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு வடிகட்டி நாடா வழியே இழுப்பார்கள். மணிக்கு அது சரியாக 1 கனமீட்டர். நாடாவின் ஒரு பக்கம் கார்பன் 14 மூலம், மறுபக்கம் உணரி. படிந்த தூசி எவ்வளவு கதிரைத் தடுத்தது என்பதிலிருந்து எடை. மற்றொரு முறையில் அதிரும் ஒரு கண்ணாடிக் கூம்பின் நுனியில் வடிகட்டி இருக்கும். தூசி சேரச் சேர அதிர்வு மந்தமாகும். இரண்டிலும் ஒளி ஊகம் இல்லை. விலை ஒரு காரின் விலைக்குப் பக்கத்தில் வரும்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐ.பி.யூ., மைக்ரோகிராம் அல்ல. 0 முதல் 50 வரை நல்லது, 100 வரை மிதம், 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் ஆபத்து. ஆறு மாசுகளில் எதன் துணைக் குறியீடு அதிகமோ அதுவே அன்றைய ஐ.பி.யூ. புகைமூட்டக் காலத்தில் அது பெரும்பாலும் பி.எம். 2.5. பழைய புள்ளிவிவரங்களோடு ஒப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது: பி.எம். 2.5 இந்தக் கணக்கில் சேர்ந்தது 2018-இல்தான். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை பிறப்பித்தபோது எண்ணிக்கையில் இருந்தது பி.எம். 10.

தூசிக்கான குறியீடு கடைசி 24 மணி நேரச் சராசரியில் நிற்பது. 23 மணி நேரம் 20 இருந்து, கடைசி ஒரு மணி நேரம் 140-ஆக எகிறினால் சராசரி 25 மட்டுமே. உங்கள் வாசல் கருவி அலறும்போது நிலையம் அமைதியாக இருப்பதற்கு இது போதும். புகை விலகிய பிறகும் நிலையத்தின் எண் இறங்க நேரம் எடுப்பதும் இதனாலேயே. ஆகவே ஒப்பிட வேண்டுமானால் முதலில் உங்கள் எண்களை 24 மணி நேரச் சராசரி ஆக்குங்கள். மலேசியத் தரத்தில் அந்தச் சராசரிக்கான வரம்பு 35 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு 15.

மாட்டும் இடம், சோதிக்கும் விதம்

ஒரே மாதிரிச் சென்சார் மூன்றை வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒரு வாரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு மணிச் சராசரிகளைப் பாருங்கள். இரண்டு 22, 24 என்று ஒட்டி நடக்க, மூன்றாவது எப்போதும் 31 என்றால் அது ஒரு விகிதப் பிழை; கணக்கில் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒரு நாள் 31, மறுநாள் 17 என்று ஆடினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

மாட்டும் இடம் கூரைக்கு அடியில், மழைச்சாரல் படாமல், நேர் வெயில் விழாமல், ஆள் மூச்சுவிடும் உயரத்தில் இருக்கட்டும். கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் மாட்டினால் பக்கத்துக் கடையின் வறுவல் சட்டியைத்தான் அளப்பீர்கள். அதுதான் நோக்கம் என்றால் சரி. பெட்டியில் காற்று நுழையும் துளையும் வெளியேறும் துளையும் ஒரே பக்கம் இருந்தால் கருவி தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். துளைக்கு மெல்லிய வலை கட்டாயம். எறும்பும் சிலந்தியும் அந்த இளஞ்சூட்டைத் தேடி வரும். லேசருக்கு எதிரே ஒரு நூலாம்படை போதும், காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எண் 40-க்குக் கீழே இறங்காமல் உட்கார்ந்துகொள்ளும். கடற்கரை ஓரத்தில் இணைப்பு ஊசிகள் பச்சை பூக்கும். மாதம் ஒரு முறை பாருங்கள்.

வீட்டுக்குள் பரிசோதிக்க ஆசையா? பூஜை அறையில் ஊதுபத்தி ஏற்றிப் பாருங்கள், எண் நூறுகளில் ஓடும். இது ஈரத்தின் மாயை அல்ல, நிஜப் புகை. கொசுவர்த்திச் சுருள் இன்னும் மோசம். சீன, மலேசியச் சுருள்களை வைத்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்கு பி.எம். 2.5 வரும் என்றது. தூங்கும் அறையில் கருவியை வைத்து ஓர் இரவு பார்த்தவர்கள் மறுநாள் கொசுவலை வாங்கப் போவார்கள்.

வாயுக்கள்: எதை நம்பலாம்

கார்பன் டை ஆக்சைடு அளவிகளில் நல்லவை அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்பவை. அந்த வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை விழுங்கும்; எவ்வளவு விழுங்கியது என்று பார்த்தால் செறிவு தெரியும். எம்.எச். இசட் 19, எஸ்.சி.டி. 41 ஆகியவை இந்தக் கொள்கையைச் சார்ந்தவை. வேலையிடக் காற்றுத் தரத்துக்கான 2010 மலேசிய நடைமுறை விதி 1000 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு) வரம்பாக வைக்கிறது. வெளிக்காற்றில் இப்போது 420-க்கு மேல்.

இவற்றில் ஒரு பொறி உண்டு. தானே அளவு திருத்திக்கொள்ளும் வசதி, சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு அதை 400 ஆக்கிவிடும். ஏர்கோன் போட்டு எந்நேரமும் மூடியே கிடக்கும் அறையில் செறிவு 700-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், கருவி அந்த 700-ஐ 400 என்று பதியும். அதன்பின் உண்மையில் 1300 இருந்தாலும் 1000 என்றே காட்டி உங்களை நிம்மதியாகத் தூங்கவைக்கும். அத்தகைய அறையில் அந்த வசதியை அணைத்துவிட்டு, மாதம் ஒரு முறை வெளியே காற்றாட 20 நிமிடம் வைத்துக் கையால் திருத்துங்கள். எம்.எச். இசட் 19-இல் எச்.டி. என்ற முனையை 7 நொடிக்கு மேல் பூஜ்ய வோல்ட்டில் பிடித்தால் போதும். அப்போது அதன் மேல் குனிந்து மூச்சுவிடாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு போன்றவற்றுக்கு மின்வேதிச் செல்கள். வாயு உள்ளே வினைபுரிந்து மிக நுண்ணிய மின்னோட்டம் தரும். மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியாக இவை நம்பகமானவை. தெரு ஓரத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு அளப்பது வேறு கதை: ஓசோனும் அதே செல்லைத் தூண்டும், வெப்பநிலை மாறினால் அடிநிலை நகரும். வடிகட்டியும் திருத்தமும் இல்லாத எண்ணை எழுதி வைப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று ஆண்டில் செல் ஓய்ந்தும்விடும்.

எம்.கியூ. 135 போன்ற மலிவு உலோக ஆக்சைடு சென்சார்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லலாம். சூடான டின் ஆக்சைடு, எந்த எரிவாயு வந்தாலும் மின்தடை மாறும். ஆல்கஹால், வெங்காயத் தாளிப்பு, வாசனைத் தெளிப்பு, ஈரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். முதல் முறை 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற வேண்டும். கடைப் பக்கத்தில் ‘கார்பன் டை ஆக்சைடு, அம்மோனியா, பென்சீன் அளக்கும்’ என்று போட்டிருப்பார்கள். எதையும் பிரித்து அளக்காது. ‘ஏதோ மாறியது’ என்று சொல்லும், அவ்வளவே. அதே இனத்தைச் சேர்ந்த சில சில்லுகள் ‘சமமான கார்பன் டை ஆக்சைடு’ என்று ஓர் எண் தரும். அதுவும் வேறு வாயுக்களைப் பார்த்துச் செய்த ஊகமே. காற்றோட்டம் போதுமா என்று முடிவெடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆயுள்

எஸ்.டி.எஸ். 011-இன் லேசருக்கு 8000 மணி நேரம் என்று கணக்கு. நிறுத்தாமல் ஓட்டினால் 333 நாள். ஆனால் அதற்கு ஓய்வு நேரம் சொல்லிவைக்கலாம்: 5 நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து 30 நொடி அளந்துவிட்டுத் தூங்கினால் பத்தில் ஒரு பங்கு நேரமே எரியும், காகிதக் கணக்கில் 9 ஆண்டு. காற்றாடி அதற்கு முன்பே முனக ஆரம்பிக்கும். முனகல் கேட்டாலோ, பலத்த மழை ஓய்ந்த சுத்தமான பிற்பகலிலும் எண் பழைய அடிமட்டத்துக்கு இறங்காவிட்டாலோ, சென்சாரின் முறை முடிந்தது. புதியதைப் பழையதோடு சேர்த்து ஒரு வாரம் ஓட்டி விகிதத்தைக் குறித்துக்கொண்டு, மாற்றிய தேதியைப் பெட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டு, பிறகு பழையதைக் கழற்றுங்கள்.